லீக் ஆடி முடித்த கூடைப்பந்து வீரர்: கல்லூரி கோச்சா, பிசிகல் டைரக்டரா?

பெரம்பூர்_பெஞ்ச்

அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். வயது 30, பி.காம். முடித்தவன், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு. சவுத் சோன் (தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி), ஆல் இந்தியா இன்டர் யுனிவர்சிட்டி, சீனியர் ஸ்டேட் டீம் எல்லாம் ஆடியாயிற்று. கடைசியாகச் சம்பளத்துக்கு லீக் ஆடினான். நிரந்தர வேலை இல்லை. முழங்கால் லிகமென்ட் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் ஒரு சீசன் ஆடினாலே பெரிது.

சென்னையில் ஏதாவது ஒரு கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்து, பிறகு பிசிகல் டைரக்டராக (உடற்கல்வி இயக்குநராக) வேண்டும் என்பது அவன் எண்ணம். அமெரிக்காவில் என்பிஏ (அங்குள்ள பெரிய தொழில்முறை லீக்) ஆடியவர்கள் நேராகப் பல்கலைக்கழக ஹெட் கோச் ஆகிறார்களே, இங்கே ஏன் முடியாது என்றும் கேட்கிறான். எந்தப் படிப்பு, எத்தனை வருடம், எங்கே தடுக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நந்தனம்_கேட்

கோச், பிசிகல் டைரக்டர் இரண்டும் ஒரே ஏணியின் படிகள் இல்லை என்பதை முதலில் அவருக்குப் புரியவையுங்கள். கோச்சாகப் பத்து வருடம் இருந்தாலும் அந்த அனுபவத்தால் மட்டும் பிசிகல் டைரக்டர் ஆக முடியாது. இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும்.

பிசிகல் டைரக்டர் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் உள்ள பதவி. 2018 விதிமுறைப்படி உடற்கல்வியில் முதுநிலைப் பட்டம், அதில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயருக்குள் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். யுஜிசி விதிப்படி வாங்கிய பிஎச்டி இருந்தால் அதிலிருந்து விலக்கு. பல்கலைக்கழகம், கல்லூரி, மாநிலம், தேசிய அளவில் ஏதாவது ஒன்றில் ஆடிய சான்றும் கேட்பார்கள். உங்கள் பையனிடம் கையில் இருப்பது இந்தக் கடைசி ஒன்றுதான்.

பி.காம். படித்தவர் நேராக எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலை) சேர முடியாது. பி.பி.எட். (உடற்கல்வி இளநிலை) இரண்டு வருடம், எம்.பி.எட். இரண்டு வருடம், ஆக நான்கு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது. இன்னொன்று மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். இரண்டு இடத்திலும் முழுநேரம் போய்ப் படிக்க வேண்டும். "அஞ்சல் வழியில் எம்.பி.எட்." என்று யாராவது சொன்னால் பணம் கட்ட வேண்டாம். நேர்முகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும்போது அது நிற்காது.

நெட் தேர்வை எம்.பி.எட். கடைசி வருடத்திலேயே எழுதலாம். உடற்கல்விக்குப் பாட எண் 47. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மைனஸ் கிடையாது. விளையாட்டுக்காரர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் முதல் தாளில்தான். ஆய்வு முறை, தர்க்கம், தரவு விளக்கம் என்று மைதானத்துக்குச் சம்பந்தமில்லாத பகுதி அது. பி.பி.எட். முதல் வருடத்திலேயே தினம் அரை மணி அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை, அதனால் 34-ல் எழுதினாலும் தாமதமில்லை. ஜே.ஆர்.எஃப்.-க்கு (ஆராய்ச்சி உதவித்தொகைக்கு) மட்டும்தான் வயது பார்ப்பார்கள்.

அடுத்து உடல்தகுதித் தேர்வு. ஆண்களுக்கு 12 நிமிட ஓட்டம் அல்லது நடை: 30 வயது வரை 1800 மீட்டர், 40 வரை 1500, 45 வரை 1200, 50 வரை 800. பெண்களுக்கு 8 நிமிடம்: அதே வயது வரிசையில் 1000, 800, 600, 400. உங்கள் பையன் 34, 35 வயதில் போவார், ஆக 1500 மீட்டர். மெதுவான ஓட்டமே போதும். ஓடும் முன் மருத்துவச் சான்று கேட்பார்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வைக்கட்டும். பி.பி.எட். சேர்க்கையிலேயே உடல்தகுதி பார்ப்பார்கள் என்பதால் அந்தச் சான்று முதலில் அங்கேதான் தேவைப்படும்.

ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் பதக்கம் வென்றவருக்கு முதுநிலைப் பட்டம் இருந்தால் போதும் என்று ஒரு தனி வழி விதியிலேயே இருக்கிறது. இந்தியக் கூடைப்பந்து வீரர்களில் அந்த வாசலில் நுழையக்கூடியவர்கள் அநேகமாக இல்லை.

லெஃப்ட்_விங்

நந்தனம் சார் சொன்னது டைரக்டர் பாதை. கோச் பாதை வேறு, அது சீக்கிரம் முடியும்.

பட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுக் கழகம்) கோச்சிங் டிப்ளமோ ஒரு வருடம். அரசு விளையாட்டு அமைப்புகள் கோச் எடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். ஆறு வாரச் சர்டிஃபிகேட் கோர்ஸும் இருக்கிறது. பள்ளிக்கும் அகாடமிக்கும் அது உதவும், நிரந்தரப் பதவிக்கு டிப்ளமோவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவோடு சேர்ந்து நடத்தும் லெவல் 1 பயிற்சி சில நாள்தான். அதை இந்த வருடமே முடித்துவிடலாம்.

தனியார் கல்லூரிகள் கோச்சை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். நிர்வாகம் மாறினால், டீம் ஒரு வருடம் தோற்றால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. யுஜிசி சம்பளத்தில் உள்ள பிசிகல் டைரக்டருக்கு லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகம் தருவதுதான் சம்பளம், அதைப் பேசித் தீர்த்து எழுத்தில் வாங்கிய பிறகே சேர வேண்டும்.

எந்த மாதிரிக் கல்லூரி என்பதையும் கவனியுங்கள், பலர் இதை யோசிப்பதே இல்லை. எஸ்.ஆர்.எம்., ஹிந்துஸ்தான், சத்யபாமா, வேல்ஸ் போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே உங்கள் டீம்தான் பல்கலைக்கழக டீம், நேராக சவுத் சோன் போகலாம். லயோலா, எம்.சி.சி. போன்றவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கே உங்கள் டீம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியோடு நின்றுவிடும். அதில் ஆடும் பையன்களிலிருந்து பல்கலைக்கழகம் 12 பேரைப் பொறுக்கி, வேறு கோச்சிடம் கொடுத்து அனுப்பும். முதல் வகையில் வெற்றியும் தோல்வியும் உங்கள் பேரில் பதிவாகும். இரண்டாவதில் நீங்கள் மூன்று வருடம் வளர்த்த பையன் இன்னொருவர் கையில் ஆடுவான். உங்கள் மருமகன் எந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்று முடிவு செய்து விண்ணப்பிப்பது நல்லது.

அட்லாண்டிக்_டைம்

அமெரிக்க விஷயத்துக்கு வருகிறேன். "என்பிஏ ஆடினார், நேரே ஹெட் கோச் ஆனார்" என்பது பாதிப் படம்தான்.

ஜானி டாக்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பர்ஸ், சிக்ஸர்ஸ், பிஸ்டன்ஸ் என்ற என்பிஏ டீம்களில் ஆடி 1995-ல் ஓய்வு. 1996-ல் தான் படித்த டியூக் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் நிர்வாகம் பழகும் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். ஆபீஸ் வேலை. 1998-ல் அசிஸ்டென்ட் கோச். 2008-ல்தான் ஸ்டான்ஃபோர்டில் ஹெட் கோச், 2016-லிருந்து சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் (யுசிஎஃப்). என்பிஏ-வில் ஒன்பது சீசன் ஆடியவருக்கே சொந்த டீம் கைக்கு வர பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் பையனுக்கு நான் காட்டும் முன்மாதிரி இவர்தான்.

டான் ஸ்டேலி வேறு வழி. 2000-ல் டெம்பிள் பல்கலைக்கழக ஹெட் கோச் ஆனபோது அவர் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ-வில் ஆடிக்கொண்டிருந்தார். 2006 வரை இரண்டும் சேர்ந்தே நடந்தது. 2008-ல் சவுத் கரோலினா. 2017, 2022, 2024-ல் தேசியப் பட்டம், 2023-24 சீசனில் 38 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை. ஆடும்போதே தொடங்கியதால் சவுத் கரோலினா போகும்போதே அவர் கையில் எட்டு வருட அனுபவம் இருந்தது.

பெரிய பெயர் மட்டும் போதாது என்பதற்கு பாட்ரிக் யூவிங். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆகப் பெரிய வீரர். என்பிஏ-வில் அசிஸ்டென்ட் கோச்சாக நீண்ட அனுபவமும் இருந்தது. 2017-ல் அதே கல்லூரிக்கு ஹெட் கோச்சாக வந்தார். 2021-ல் பிக் ஈஸ்ட் (ஜார்ஜ்டவுன் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு) டோர்னமென்ட் ஜெயித்தார். அடுத்த சீசனில் அதே பிக் ஈஸ்ட் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை, 19 தோல்வி. 2023-ல் போகும்போது மொத்தக் கணக்கு 75 வெற்றி, 109 தோல்வி. அந்த வருடங்களில் அங்கே ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது எளிதாகிவிட்டது. பையன்களைக் கொண்டுவருவதும் விட்டுப்போகாமல் வைத்திருப்பதும் கல்லூரிக் கோச்சின் வேலையில் பாதி. என்பிஏ பெஞ்சில் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

நிர்வாகத்துக்கு வால் அக்கர்மன். வர்ஜீனியாவில் ஆடி, பிரான்சில் தொழில்முறையாக ஒரு சீசன் ஆடி, யுசிஎல்ஏ-வில் சட்டம் படித்தார். டபிள்யூஎன்பிஏ-வின் முதல் தலைவர். 2013-ல் பிக் ஈஸ்ட் கமிஷனர் ஆனார். ஆட்டம் அவரைத் துறைக்குள் கொண்டுவந்தது. நாற்காலியில் உட்கார வைத்தது சட்டப் படிப்பு.

அங்கேயும் வேலையின் உருவம் மாறுகிறது. 2025 ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம், முதல் வருடத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதனால் கல்லூரி டீம்களுக்கே ஜெனரல் மேனேஜர் பதவி வந்துவிட்டது. என்பிஏ நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி டேவிட்சன் கல்லூரியில் அசிஸ்டென்ட் ஜெனரல் மேனேஜராகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

பெரம்பூர்_பெஞ்ச்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பிசிகல் டைரக்டர் ஆபீஸில் உட்கார்ந்து அப்படி என்ன வேலை? பையன் அதை "கையெழுத்துப் போடும் வேலை" என்கிறான். இன்னொன்று, லீக் ஆடியவன் கல்லூரிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கே சறுக்குவான்?

நந்தனம்_கேட்

கையெழுத்துதான். ஆனால் தவறான தாளில் போட்ட ஒரு கையெழுத்து மொத்த டீமையும் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இன்டர் யுனிவர்சிட்டிக்கு ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) விதி: வயது 17 முதல் 25-க்குள், முழுநேர மாணவர், முறையான அட்மிஷன். ஒவ்வொரு பையனுக்கும் பத்தாம் வகுப்புச் சான்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கடைசியாக எழுதிய தேர்வின் மதிப்பெண் பட்டியல், ஃபீஸ் ரசீது, அடையாள அட்டை எல்லாம் தனித்தனிக் கவரில் இருக்க வேண்டும். எதிர் டீம் ஆட்சேபம் கொடுத்தால் அந்த இடத்திலேயே காட்ட வேண்டும். வழக்கமாக நடக்கும் கோளாறுகள்: பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு; முதல் கல்லூரியில் பாதியில் நின்று இரண்டாவது கல்லூரியில் சேர்ந்த பையனின் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வராமல் இருப்பது; ஸ்பான்சர் சீட் என்பதால் ஃபீஸ் ரசீதே போடாமல் விட்டிருப்பது. இவை எதையும் டிசம்பரில் சரிசெய்ய முடியாது. அட்மிஷன் நடக்கும் ஜூன், ஜூலையிலேயே பார்த்தாக வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவருக்கு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகக் கதையைச் சொல்லுங்கள். என்பிஏ நட்சத்திரம் பென்னி ஹார்டவே 2018-ல் அங்கே ஹெட் கோச் ஆனார். 2017-ல், பள்ளி கோச்சாக இருந்தபோது, பிறகு மெம்ஃபிஸில் ஆட வந்த ஜேம்ஸ் வைஸ்மன் என்ற பையனின் குடும்பம் வீடு மாற 11,500 டாலர் கொடுத்திருந்தார். 2008-ல் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தவர் என்பதால் விதிப்படி அவர் ஏற்கெனவே "பூஸ்டர்" (பல்கலைக்கழக விளையாட்டின் ஆதரவாளர்) ஆகிவிட்டார். எனவே அந்த உதவி விதிமீறல். வைஸ்மனுக்கு 12 ஆட்டத் தடை. மூன்று ஆட்டத்தோடு கல்லூரியையே விட்டுப் போனார். 2022-ல் மெம்ஃபிஸுக்கு மூன்று வருடக் கண்காணிப்பு. அங்கே பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள், இங்கே வயதையும் அட்மிஷனையும் பார்ப்பார்கள். இரண்டிலும் விதிப் புத்தகத்தைப் படித்த ஒருவர் ஆபீஸில் இருந்தாக வேண்டும்.

மற்றபடி பட்ஜெட், ஸ்டாக் ரெஜிஸ்டர், மூன்று கொட்டேஷன், ரயில் டிக்கெட், பையன்களின் டி.ஏ. (தினப்படி), பெண்கள் டீமோடு கூடப் போகும் பெண் மேனேஜர். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழித்துக் காட்டாமல் பழைய பந்தைத் தூக்கிப் போட்டால் ஆடிட்டில் மாட்டுவீர்கள். நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) வரும்போது பதக்கங்களுக்குச் சான்று கேட்பார்கள். கோப்பையின் போட்டோ செல்லாது, பெயரும் வருடமும் போட்ட சான்றிதழ் நகல் வேண்டும்.

வருகைப் பதிவும் இவர் தலையில்தான். 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் அதே வாரம் துறைக்குப் போக வேண்டும். செமஸ்டர் முடிவில் மொத்தமாகக் கொண்டுபோனால் துறைத்தலைவர் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது.

லெஃப்ட்_விங்

இரண்டாவது கேள்விக்கு நான்.

லீக்கிலிருந்து வருபவர் செய்யும் முதல் தவறு, லீக் பிளேபுக்கை (ஆட்ட உத்திகளின் தொகுப்பை) அப்படியே கொண்டுவருவது. லீக்கில் தினம் இரண்டு வேளை பயிற்சி, அதைத் தவிர வேறு வேலை கிடையாது. கல்லூரிப் பையனுக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ-விலேயே சீசனில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று உச்சவரம்பு உண்டு. முதல் வருடம் அரைமைதானத் தாக்குதலுக்கு மூன்று செட் (முன்கூட்டிப் பழகிய ஆட்ட அமைப்பு), சோன் டிஃபென்ஸை (இடம் பிரித்துக் காக்கும் தடுப்பை) உடைக்க ஒன்று, பேஸ்லைன் த்ரோ-இன்னுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். ஷாட் அடிக்கக் கிடைக்கும் 24 செகண்டில் பையன்கள் யோசித்துக்கொண்டு நின்றால் செட் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

பயிற்சி நேரம் சென்னையில் தனிப் பிரச்சினை. பல கல்லூரிகளில் ஷிஃப்ட் 1 மதியம் முடியும், ஷிஃப்ட் 2 சாயங்காலம் வரை போகும். டீமில் இரண்டு ஷிஃப்ட் பையன்களும் இருப்பார்கள். மொத்த டீமும் சேரும் ஒரே நேரம் காலை 6 முதல் 7.30. அந்தத் தொண்ணூறு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: 10 நிமிடம் வார்ம்-அப், அதில் குதித்து இறங்கும் முறை கட்டாயம், முழங்காலைக் காப்பது அதுதான், 15 நிமிடம் டிரிபிள், லே-அப் இரண்டு கையாலும், 20 நிமிடம் ஷூட்டிங், ஒரு ரிங்குக்கு நான்கு பேருக்கு மேல் நிற்காமல், 20 நிமிடம் நாலுக்கு நாலு ஷெல் டிஃபென்ஸ் (தடுப்புப் பயிற்சி), 20 நிமிடம் ஐந்துக்கு ஐந்து, ஒரு தாக்குதலுக்கு 14 செகண்ட் கணக்கில், கடைசி 5 நிமிடம் மூச்சு வாங்கும்போதே ஃப்ரீ த்ரோ.

15 பையன்களுக்குக் குறைந்தது 10 பந்து. அதற்குக் குறைந்தால் ஷூட்டிங் நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். ஆண்களுக்கு 7-ஆம் நம்பர், பெண்களுக்கு 6. தோல் பந்தை சிமென்ட் தரையில் போட்டால் ஒரு சீசனில் வழுக்கையாகிவிடும். வெளி மைதானத்துக்கு ரப்பர் பந்து. மோல்டன் மேட்ச் பந்தை இன்டோருக்கு மட்டும் எடுக்க வேண்டும், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தாவது பையன்கள் அதைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்து மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம், நடுவில் நவம்பர் செமஸ்டர் பரீட்சை, அது முடிந்ததும் சவுத் சோன். அதாவது டீம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் மைதானமும் இல்லை, பையன்களும் இல்லை. ஆகவே ஓட்டத் திறனையும் செட்களையும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். மழை மாதங்களுக்கு இன்டோர் மைதானத்தை ஜூலையிலேயே கடிதம் கொடுத்துப் பிடிக்க வேண்டும், நவம்பரில் கேட்டால் கிடைக்காது. அக்ரிலிக் தரையில் மழை நின்றதும் ஆட விடாதீர்கள். ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, துணியால் ரிங்குக்கு முன்னால் இருக்கும் பெயின்ட் பகுதியையும் மூன்று புள்ளிக் கோட்டையும் துடைத்த பிறகே ஷூ வைக்க வேண்டும். கடற்காற்றில் ரிங்கின் ஸ்பிரிங்கும் போல்ட்டும் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை பார்த்து கிரீஸ் போட வேண்டும், ரிங் 3.05 மீட்டரில் இருக்கிறதா என்று டேப் வைத்து அளக்க வேண்டும். டங்க் அடித்து ஒரு பக்கம் தொங்கிய ரிங்கில் வருடம் முழுக்கப் பழகிய டீம் உண்டு.

இன்னொன்று, இது மனசு சம்பந்தப்பட்டது. கோச்சே ஷூ மாட்டிக்கொண்டு ஐந்துக்கு ஐந்தில் இறங்கினால் பையன்கள் பந்தை அவரிடமே கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த டீமில் பாயிண்ட் கார்டு வளரவே மாட்டான்.

அட்லாண்டிக்_டைம்

லெஃப்ட்_விங் சொன்னதோடு ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. என்.ஐ.எஸ்.-க்கு ஒரு வருடம் பட்டியாலா போவதை இப்போது தள்ளிவைக்கலாம். வயது 30. பி.பி.எட்., எம்.பி.எட். நான்கு வருடத்தை முதலில் தொடங்கட்டும், அதே நான்கு வருடத்தில் ஒரு கல்லூரிக்குப் பகுதிநேர அசிஸ்டென்ட் கோச்சாகக் காலையில் போகலாம். கோச் அனுபவமும் சேரும், டைரக்டர் தகுதியும் சேரும். டிப்ளமோவை முதலில் முடித்தால், ஒப்பந்தக் கோச் வேலை கிடைத்ததும் குடும்பச் செலவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார், திரும்பப் படிக்கப் போக மாட்டார்.

லெஃப்ட்_விங்

டைரக்டர் ஆவதுதான் இலக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. கோச்சாகவே இருக்க விருப்பம் என்றால் டிப்ளமோ முதலில். பையனிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.

பெரம்பூர்_பெஞ்ச்

கேட்டேன். டைரக்டர்தான் என்கிறான். பி.பி.எட். விண்ணப்பத்துக்கு முன்னால் இப்போதே என்ன தயார் செய்யலாம்?

நந்தனம்_கேட்

விளையாட்டுச் சான்றிதழ்கள். இன்டர் யுனிவர்சிட்டிச் சான்றில் பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநர் கையெழுத்தும், ஸ்டேட் டீம் சான்றில் சங்கச் செயலாளர் கையெழுத்தும், வருடமும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும். லீக் ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. சான்று தொலைந்திருந்தால் நகலுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கட்டும். பொறுப்பில் இருப்பவர்கள் மாறிய பிறகு பழைய ரெக்கார்டைத் தேடி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். பத்தாம் வகுப்புச் சான்று, பி.காம். பட்டம், விளையாட்டுச் சான்று மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பி.காம். மதிப்பெண் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இங்கே எழுதுங்கள், அதற்கு வேறு மாதிரி பார்க்க வேண்டும்.